கால் சைக்கிள்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் ஒண்டிக்கறேன். பையை மடியிலயே வெச்சுக்கறேனுங்க, மேல வெச்சா குலுங்கும், உள்ள மெஷின் இருக்குது. அந்தக் கண்டக்டரைப் பாத்தீங்களா, படியில நின்னுக்கிட்டு எனக்கு என்னமோ சொல்ல வர்றாரு. தெரியுமுங்க, தெரியுமுங்கன்னு சொல்லிப்போட்டு உள்ள வந்துட்டேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டுல எனக்கு வழி சொல்லணுமா என்ன. போர்டுல 'திரு'ன்னு கண்ணுல பட்டுச்சு, தொத்திட்டேன். நின்னு பூராவும் படிச்சுக்கிட்டிருந்தா இந்த நேரத்துல சீட்டு கெடைக்குமுங்களா?

நீங்க எங்க எறங்கறீங்க? கரூ... அட, கருவம்பாளையமா. எங்க சித்தி மக அங்கதான் இருக்குது, அந்தப் பனியன் குடோனுக்குப் பின்னாடி. செரி, திருப்பூரு வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. ... இல்லீங்க, நீங்க கேக்கவே வேண்டாம், தெரியுது. பையில என்னன்னுதானே? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க.

என் பேரு சென்னியப்பன். கோயமுத்தூருல ஒரு கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியரு. எங்க கம்பெனி பண்றதே இந்தப் பெட்டிதானுங்க. ஷார்ட் சர்க்யூட்டைக் கண்டுபிடிச்சு கரண்டை நிறுத்தற பெட்டி. உங்கூட்டுல ஃபியூஸ் இருக்குமில்லீங்க, அது என்ன பண்ணும்? ஷார்ட்டாகி, கம்பி சூடாகி, உருகி, அப்புறம்தான் நிறுத்தும். அடி வாங்கிட்டு அழுகற கதை. எங்க பெட்டி அப்பிடி இல்லீங்க. கம்பியில ஓடற கரண்டை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான வாட்டி எட்டிப் பாக்கும். பாத்ததையெல்லாம் நம்பரா மாத்தும். உள்ள ஒரு சிப்பு உக்காந்துக்கிட்டு அந்த நம்பரை வெச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்னு அதுக்குப் பேரு. பேரைக் கேட்டு பயந்துக்காதீங்க, விசயம் இவ்வளவுதான்.

கரண்டு ஒரே மட்டமா ஓடாதுங்க. அலை மாதிரி ஏறும், எறங்கும். ஏறி எறங்கி ஒரு சுத்து வந்தா ஒரு சைக்கிள். ஓட்டற சைக்கிள் இல்லீங்க. ஷார்ட்டாச்சுன்னா அலை எகிறும். அது உச்சிக்குப் போய்ச் சேரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு எங்க பெட்டி கெடக்காது. ஏற ஆரம்பிச்சதுமே, இது எங்க போய் நிக்கும்னு கணக்குப் போட்டு முடிவு பண்ணிடும். கால் சைக்கிளுக்குள்ள முடிவு. நீங்க கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

பதினஞ்சு வருஷமா இதே வேலைங்க. ஒரே வேலையைப் பண்ணிக்கிட்டிருந்தா அது ஆளுக்குள்ளயும் எறங்கிடுமில்லீங்களா, எனக்கும் எறங்கிடுச்சு. ஒருத்தர் வாயைத் தொறந்தாப் போதும். கால் வார்த்தை. மீதி எனக்கே தெரிஞ்சுடும். இப்ப நீங்க வாயைத் தொறந்தீங்க. பஸ்ஸை ஓவரா வெரட்டறான்னுதானே சொல்ல வந்தீங்க? எனக்கும் அப்பிடித்தான் இருக்குது. ஆனா இன்னைக்கு வெரட்டறதும் நல்லதுதானுங்க. நாலு மணிக்கு நான் திருப்பூருல இருக்கணும்.

ஒரு புள்ளையைப் பாக்கப் போறேனுங்க. கோகிலவாணின்னு பேரு. இது ரெண்டாவது வாட்டி. ரெண்டாவது வாட்டி பாக்க ஒத்துக்கிட்டதே அந்தப் புள்ளையோட பெரிய மனசு. இதுவும் தவறுச்சுன்னா இனி உன்ற கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு எங்கக்கா சொல்லிடுச்சு. எனக்குமே வேற புள்ளையைப் பாக்கற நெனப்பு இல்லீங்க. இதுதான், இல்லீன்னா இல்ல.

இன்னைக்குப் பாத்து பல்லடத்துல ஒரு மில்லுல கூப்புட்டு உட்டாங்க. அங்க மேனேஜரு தெய்வசிகாமணின்னு ஒருத்தரு. ஆளு வாட்டசாட்டமா இருப்பாரு, எதையும் கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு. 'என்னப்பா, உன்ற பெட்டி மூணு நாளா சும்மா சும்மா நிறுத்துது. ஷார்ட்டுங்கறே. ஒரு பொறி பறந்துச்சா? பொகை வந்துச்சா? கருகின வாசமாச்சும் வந்துச்சா?' வராதுங்க, வராம இருக்கறதுக்குத்தானுங்க பெட்டின்னேன். 'முன்ன எல்லாம் ஷார்ட்டாச்சுன்னா டமார்னு ஒரு சத்தம் கேக்கும். நாலு பேரு ஓடியாருவாங்க. ஷார்ட்டுன்னா அதுக்கு ஒரு இது இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே.'

கேபிள் போற பாதை பூராவும் பிரிச்சுப் பாத்தேன். பஞ்சு தூசு பறக்கற எடத்துக்கு நேர் மேல எலி கடிச்சு வெச்சிருக்குது. கொசு கடிச்ச அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. டார்ச் அடிச்சுக் காட்டினேன். அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்துப்போட்டு, 'இத்தனூண்டுக்கா மில்லை நிறுத்தினே?'ங்கறாரு. இத்தனூண்டா இருக்கறப்பவே நிறுத்துச்சுங்க, அதனாலதான் இத்தனூண்டா இருக்குதுன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. எங்க பொழப்புல இதுதானுங்க சங்கடம். ஒழுங்கா வேலை பாத்தா ஒரு தடயமும் இருக்காது. தீப்பிடிச்சு நாலு வண்டி தண்ணி ஊத்தினாத்தான் மரியாதை.

கெளம்பறப்ப, 'ஆனா ஒண்ணு சென்னியப்பா'ன்னு இழுத்தாரு. நான் நிக்கலீங்க. திட்டு வாங்கறதுக்கு நின்னு வேற கேக்கணுமா.

கரண்டு எடுக்கற காத்தாடி எத்தனை பாருங்க. திருப்பூரு ரோட்டுல இத்தனை காத்தாடி எப்ப நட்டாங்கன்னே தெரியல. நான் இந்தப் பக்கம் வந்தும் நாளாச்சு. ... அதேதான் நானும் சொல்றேன், நாளாச்சுங்க.

ஆரம்பத்துல எங்க பெட்டிக்கும் ஒரு கோளாறு இருந்துச்சு, மறைக்கறதுக்கு என்ன. மோட்டாரு ஸ்டார்ட் ஆகறப்ப ஒரு இழு இழுக்குமுங்க. பாக்கறதுக்கு ஷார்ட்டு மாதிரியே ஏறும். கொஞ்சம் பொறுத்தா தானா அடங்கி, அது பாட்டுக்கு ஓடும். எங்க பெட்டிக்குப் பொறுமை இல்ல. மோட்டாரு மூச்சு உட்டதுமே நிறுத்திடும். பெட்டி மாட்டின மில்லுல எந்த மோட்டாருமே ஓடல. ஷார்ட்டே இல்லாத மில்லுன்னு வேணா பேரு வாங்கியிருக்கலாம்.

பெட்டியை டிசைன் பண்ணினது எஸ்தர் மேடம். மாசக்கணக்கா உக்காந்து அதுக்குப் பாடம் நடத்தினாங்க. எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் பாக்காதே, எந்த வடிவத்துல ஏறுதுன்னு பாரு. மோட்டாரு ஏறறது ஒரு மாதிரி, ஷார்ட்டு ஏறறது ஒரு மாதிரி. சந்தேகமா இருந்தா இன்னும் ஒரு துளி பொறு, பொறுத்தாலும் நீதான் வேகம். இப்பிடி எல்லாம் கணக்குல எழுதி உள்ள ஏத்துனாங்க. அதுக்குப் பொறவு பெட்டி தங்கமா ஓடுது. என்னைப் பாக்கறப்ப எல்லாம் மேடம் ஒண்ணு சொல்லுவாங்க. 'நிறுத்தற பெட்டியை யாரு வேணா செஞ்சுடலாம் சென்னியப்பன். எப்ப நிறுத்தாம உடணும்னு தெரியறதுதான் வேலை.' இதை எதுக்கு என்னைப் பாத்தே சொல்றாங்கன்னு எனக்கு வெளங்கல. நான் டிசைன் டிபார்ட்மென்ட்டே இல்லீங்க.

புள்ளை பாத்த கதைக்கு வர்றேன். இதுக்கு முன்ன பாத்த எடம் நெம்ப. கோபில ஒரு எடம். புள்ளையோட அம்மா, 'எங்க புள்ளைக்குக் கோவம்...'னு ஆரம்பிச்சாங்க. எந்திரிச்சுட்டேன். கோவம்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்ல வந்தாங்களாம். அவிநாசியில ஒரு எடம். 'அவளுக்குச் சமையல்...'னாரு அப்பன்காரரு. எந்திரிச்சுட்டேன். சமையல்னா உசுருன்னு சொல்ல வந்தாராம். இதை எல்லாம் மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? நம்ம பாஷையில இது ஒரு தொந்தரவு பாத்துக்கோங்க. உண்டா இல்லையாங்கறதைக் கொண்டுபோய்க் கடைசியில வெச்சிருக்காங்க. அதுவரைக்கும் ஒரு மனுஷன் என்ன பண்ணுவான்?

கோகிலவாணி ஊடு திருப்பூரு அனுப்பர்பாளையத்துல. பனியன் கம்பெனியில துணியைச் சரி பாக்கற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸு கையில பொரளும், ஒரு நூலு உட்டுப்போயிருந்தாலும் தூக்கித் தனியா வெச்சுடும். நான் போய் உக்காந்ததும் காப்பியைக் குடுத்துப்போட்டு என்னைப் பாத்துச்சு. 'உங்க காலர்ல ரெண்டு எடத்துல தையல் உட்டிருக்குதுங்க.' அதுதான் அந்தப் புள்ள எங்கிட்டப் பேசின மொத வார்த்தை. அவங்கம்மாவுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அங்கயே புடிச்சுப்போச்சுங்க. கோளாறைப் பாத்தா மூடி மறைக்காம சொல்ற ஆளு. நம்ம பொழப்பும் அதேதானே.

அப்புறம் ரெண்டு பேரும் பேசுங்கன்னு மொட்டை மாடிக்கு அனுப்புனாங்க. அந்தப் புள்ள பேசறது நெம்ப மெதுவு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல ஒரு மோட்டாரே ஸ்டார்ட் ஆயிடும். தண்ணித் தொட்டியைப் பாத்துக்கிட்டே, 'எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்லா...'ன்னுச்சு. புரிஞ்சுதுங்கன்னேன். கும்பிட்டேன். எறங்கிட்டேன். கீழ கேசரி வெச்சது வெச்சபடி இருக்குது, அவங்கப்பா கையில கைத்துண்டோட நிக்கறாரு. செருப்பை மாட்டிக்கிட்டு தெரு முக்கு வந்துதான் நின்னேன்.

மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுங்க. மத்த எடத்துல எந்திரிச்சப்ப எல்லாம் ஒண்ணும் தோணினதில்ல. இது புடிச்ச புள்ள. அது வாயால பூராவும் சொல்லி, அதை நான் நின்னு கேக்கறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க. பாதியில நிறுத்திட்டா அந்த அளவோட போச்சு. ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் சேதாரம்னு நெனச்சேன்.

அக்கா அங்க போயி விசாரிச்சுட்டு வந்துச்சு. அந்தப் புள்ள சொல்ல வந்தது என்னன்னா, 'எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்லாமத்தான் இருந்துச்சு, உங்க ஃபோட்டோவைப் பாத்த பொறவு செரின்னு தோணுது.' இதைச் சொல்றதுக்கு மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துச்சாம். அக்கா என்னைக் கழுவிக் கழுவி ஊத்துச்சு. நான் சொன்னேன், பின்பாதி பொறவு சேத்துக்கிட்டதாக் கூட இருக்கலாம். பெட்டி நிறுத்தின பொறவு, நிறுத்தாம உட்டிருந்தா தீப்பிடிச்சிருக்குமா இல்லையான்னு யாரால சொல்ல முடியுமுங்க? அக்கா கரண்டியைக் கீழ வெச்சுச்சு. 'டேய், நீ உக்காந்திருந்தது ஒரு பொண்ணு முன்னால. மில்லுல இல்ல.' அவ்வளவுதான் சொல்லுச்சு. எனக்கு ராத்திரி சோறு போடல.

அக்கா நடையா நடந்து கெஞ்சி, இன்னைக்கு நாலு மணிக்குன்னு முடிவாச்சு. அனுப்பர்பாளையத்துலயே ஒரு பேக்கரி, ஷிஃப்ட்டு முடிஞ்சு நேரா அங்க வந்துடும். ஒரே ஒரு கண்டிஷன்தான் வெச்சுதாம். 'நான் பேசி முடிக்கற வரைக்கும் அவரு எந்திரிக்கக் கூடாது.' இதென்ன பெரிய விசயம். பேக்கரியில நல்ல பெஞ்சாப் போட்டிருப்பாங்க, தாராளமா உக்காந்துக்கலாம். காலரைப் பாருங்க. தையல் போட்டுட்டேன். ரெண்டு எடத்துலயும்.

இந்நேரம் ஊரு வந்திருக்கணுமே. பைபாஸ்ல சுத்தி வர்றான் போல. ... என்னமோ மறுபடி மறுபடி சொல்ல வர்றீங்க. டிக்கெட்டுதானே? கண்டக்டரு இன்னும் முன்னாடியே நிக்கறாரு, கூட்டம். வரட்டும், வருவாரு, ஓடியா போயிடப் போறோம்.

இருங்க, ஃபோனு. அந்தப் புள்ளதான்.

ஹலோ. சொல்லுங்க. ஆமாங்க, பஸ்ஸுலதான் இருக்கறேன், வந்துக்கிட்டே இருக்கறேனுங்க. ... ம். ... செரிங்க. புரிஞ்சுதுங்க. பரவால்லீங்க, வெச்சுடறேன்.

அவ்வளவுதானுங்க.

'நீங்க பேக்கரிக்கு வர வேண்டா'ன்னு ஆரம்பிச்சுச்சு. நாலு மணிக்குப் பாக்கறேன்னு சொன்ன புள்ள. நான் கேட்டுக்கிட்டு இருக்கல, வெச்சுட்டேன். பாத்தீங்களா, கால் சைக்கிள்தான், எவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுபோச்சு. ஒரு சத்தம் இல்ல, ஒரு பொகை இல்ல. நெசமாச் சொன்னா எனக்கு அழுகையா வருதுங்க. நாப்பது வயசாகப் போற ஆளு, பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு. ஆசையா இருந்தேனுங்க. காலையில நாலு மணிக்கே முழிப்பு வந்துருச்சு.

என்னுங்க? உங்களுக்குக் கேட்டுச்சா? மில்லு இரைச்சலுக்காக சத்தம் ஜாஸ்தியா வெச்சிருக்கறேன், வெளிய கேட்டிருக்கும். நான் காதுல இருந்து எடுத்த பொறவும் பேசிக்கிட்டே இருந்துச்சா? என்ன பேசுச்சு? ... 'நீங்க பேக்கரிக்கு வர வேண்டாம், இங்க மழை புடிச்சுக்கிச்சு.' செரி. ... 'நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன்.' ... கொடை கொண்டாறேன்னு வேற சொல்லுச்சா. நீங்க நல்லாக் கேட்டீங்களா? கொடைன்னுதான் சொல்லுச்சா?

கொடை கொண்டாருதாமுங்க.

நீங்க நல்லா இருக்கணும். நீங்க இல்லீன்னா நான் இப்பிடியே எறங்கி ஊட்டுக்குப் போயிருப்பேன். அப்புறம் எங்கக்கா... செரி, அதை உடுங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்குதாம். நேரா எறங்கி, கொடைக்கு அடியில போய் நின்னுக்கறேன். பேசி முடிக்கற வரைக்கும் நகர மாட்டேன். மழையில எங்க நகர்றது. ஆமா, அங்க மழைங்குது, இங்க வெயிலு இப்பிடிக் கொளுத்துது? என்னமோ தேங்காப் பருப்பு காய வெச்ச வாசம் வேற வருது.

வாங்க கண்டக்டரு. ஒரு திருப்பூரு. ... திருப்பூருங்க. ... திருச்சி இல்லீங்க, நான் திருப்பூரு கேட்டேன். ... என்னுங்க இது. போர்டுல... நான் 'திரு' வரைக்கும்தான் பாத்தேன். ... படியிலயே சொல்ல வந்தீங்களா. ஆமா. சொல்ல வந்தீங்க.

காங்கேயம் வந்துருச்சா. அதுதான் தேங்காப் பருப்பு வாசமா, திருப்பூரு வேற பக்கமாச்சுங்களே.

அப்ப நீங்க கருவம்பாளையம் இல்லீங்களா? ... கரூரு. மொதல்லயே கரூருன்னுதான் ஆரம்பிச்சீங்களா. ஏறினதுல இருந்து இதைத்தான் சொல்ல வந்துக்கிட்டிருந்தீங்களா. ஏனுங்க, கையைப் புடிச்சு நிறுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?

இருங்க, இருங்க. அந்தப் புள்ள மழையில நிக்குது. மொதல்ல அதுக்குச் சொல்லணும். அடிக்குது. எடுத்துருச்சு.

ஹலோ, நானுங்க. நான் திருப்பூருக்கு வரலீங்க, இந்த பஸ்ஸு... ஹலோ? ஹலோ?

வெச்சுடுச்சுங்க.

'வரலீங்க' வரைக்கும்தானுங்க கேட்டுச்சு. செரிங்கன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், வெச்சுடுச்சு. நான் திருப்பூருக்கு வரலீங்க, இந்த பஸ்ஸு திருச்சி போறது, மாத்தி ஏறிட்டேன், காங்கேயத்துல எறங்கி ஓடியாரேன், எந்நேரமானாலும் நில்லுங்கன்னு சொல்ல வந்தேன். மூணு நாளாச் சொல்லிப் பாத்த மாதிரி எனக்கு வாயில தயாரா இருந்துச்சு. அதெல்லாம் பின்னாடிதானுங்க வருது. ... மறுபடியும் போட்டுப் பாத்துட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

இது நியாயமுங்களா, நீங்களே சொல்லுங்க. ஒரு ஆளு பேச வர்றப்ப முழுசாக் கேக்க வேண்டாமா? பாதியில நிறுத்திட்டா, மீதி அவன்கிட்டயேதானே கெடக்கும்? அதை வெச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்?

எறங்கறேனுங்க. இங்கிருந்து திருப்பூருக்கு ஒடனே பஸ்ஸு இருக்குதுங்களா? அந்தப் புள்ள இன்னும் கொஞ்ச நேரம் நின்னாலும் நிக்கும். கொடையோட வந்திருக்குது. ... 'இருக்குது, ஆனா'ன்னீங்க.

சொல்லுங்க. ... இல்லீங்க, நான் எந்திரிக்கல, பையைத்தான் எடுத்துக் கையில வெச்சேன். நீங்க சொல்லி முடிங்க.